பிரேக் பெடல் ஆழமாக இறங்குகிறது, ஆயிலும் குறைந்திருக்கிறது: செவ்வாய்ப் பொங்கலுக்குள் சரியாகுமா?

கேள்வி: கானாடுகாத்தானிலிருந்து

வணக்கம். அப்பச்சியின் கார் எட்டு மாதமாகக் கொட்டகையிலேயே நின்றது. 2010ஆம் ஆண்டு வண்டி. முன்சக்கரங்களுக்கு டிஸ்க், பின்சக்கரங்களுக்கு டிரம், ஏ.பி.எஸ். கிடையாது. பொங்கலுக்கு ஊருக்கு வந்ததும் பேட்டரியை மாற்றி, நேற்று காரைக்குடிக்கு எடுத்துப் போனேன். செக்காலைச் சாலையில் ஒரு சிறுவன் சைக்கிளோடு குறுக்கே வந்தான். முதல் மிதியில் பெடல் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, வண்டி நிற்கவில்லை. எடுத்து மறுபடி மிதித்தபோதுதான் பிடித்தது. சைக்கிளுக்கும் பம்பருக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது. இன்னும் கை நடுக்கம் போகவில்லை.

வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்து பார்த்தால், பிரேக் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருக்கிறது. ஆயிலை ஊற்றி நிரப்பினால் போதுமா? குழாயிலிருந்து ஏர் (காற்று) எடுப்பதை வீட்டிலேயே செய்யலாமா? பொங்கலை அடுத்த செவ்வாயன்று வரும் செவ்வாய்ப் பொங்கலுக்கு அப்பச்சியை நாட்டரசன்கோட்டைக்கு அழைத்துப் போக வேண்டும்.

பதில்: புதுவயலிலிருந்து

டிஸ்க்கைப் பிடிக்கும் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ போட்டிருக்கும். அதே ஆயிலை வாங்கி ஊற்றிப் பாருங்கள். எனக்கு அதிலேயே சரியானது.

பதில்: தேவகோட்டை மெக்கானிக்

ஆச்சி, முதலில் ஒன்று: அந்த வண்டியை இனித் தெருவுக்கு எடுக்காதீர்கள், பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகவும் கூடாது. புதுவயல்காரர் சொன்னது பாதி சரி. பேட் தேய்ந்தால் மட்டம் மெதுவாக, ஆண்டுக்கணக்கில் இறங்கும். எட்டு மாதம் நின்ற வண்டியில் பேட் எங்கே தேயும்? பிரேக் ஆயில் ஆவியாகிப் போகிற பொருளும் இல்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஊற்றினால், ஊற்றியதும் அதே வழியாகத்தான் போகும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காமல் கல்லாக நின்றால் பூஸ்டரையோ அதற்குப் போகும் காற்றுக் குழாயையோ பார்க்க வேண்டும்.

அடுத்து, ஒரே அழுத்தமாக அரை நிமிடம் மிதித்தபடி இருங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று. மிதிக்க மிதிக்க மேலே வந்தால் காற்றாக இருக்கலாம், டிரம்முக்கும் அதை உள்ளிருந்து உரசி நிறுத்தும் ஷூவுக்கும் இடைவெளி கூடியதாகவும் இருக்கலாம். காலுக்கடியில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் ஒழுக்கு. வெளியே எங்கும் ஈரமே இல்லாமல் இறங்கினால் பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள்வாஷர் தேய்ந்துவிட்டது.

இரவு நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வோர் அட்டை போட்டு வையுங்கள். காலையில் டயரின் உட்பக்கத்தையும் தடவிப் பாருங்கள்.

பதில்: பள்ளத்தூரிலிருந்து

சக்கரத்தைக் கழற்றுவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். நம் வீட்டு வாசல்கள் மழைத்தண்ணீர் தெருவுக்கு ஓடும்படி சரிவாக இருப்பவை. அங்கே ஜாக்கி போடாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஸ்டாண்டு கொடுத்த பிறகே பக்கத்தில் உட்காருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவும் வேண்டாம். பழைய ஷூக்களில் கல்நார் கலந்திருக்கக்கூடும், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

கேட்டவர்

பூஸ்டர் நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட் செய்ததும் பெடல் இறங்கியது. அரை நிமிடம் மிதித்தபோது காலுக்கடியில் நழுவிப் போவதை உணர முடிந்தது. காலையில் மூன்று அட்டைகள் காய்ந்திருந்தன. பின்பக்கம் இடது சக்கரத்தின் அட்டையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. டயரின் உட்பக்கம் வழவழவென்று இருந்தது. தொட்ட விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். அண்ணே, இப்போது என்ன செய்வது?

பதில்: தேவகோட்டை மெக்கானிக்

அந்தச் சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்தான் ஒழுகுகிறது. நெடுநாள் நிற்கும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரைத் துருப்பிடிக்க வைக்கும். திரும்பவும் பெடலை மிதிக்கும்போது ரப்பர் வாஷர் அந்தத் துருவில் உரசிக் கிழியும். ஈரம் சேரச் சேர ஆயிலின் கொதிநிலையும் இறங்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் ஏறியபின் 140 டிகிரிதான் கணக்கு. அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம்.

இதை நீங்கள் தனியாகப் பிரிக்க வேண்டாம். உங்கள் ஊர் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். சிலிண்டரோடு ஷூவும் மாற்ற வேண்டும். ஆயில் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி மாட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், சூடேறினால் ஆயில் மறுபடி கசியும். ஷூவை இரண்டு பக்கமும் மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் புதிதென்றால் வண்டி இழுக்கும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். எந்த ஸ்பிரிங் எங்கே என்ற சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள ஒன்று மாட்டியபடியே இருக்கும்.

ஏர் எடுக்கும்போது நீங்கள் உதவலாம். அவர் “மிதி” என்றால் மிதித்துப் பிடியுங்கள். சக்கரத்தில் காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளை மூடிவிட்டேன் என்று சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போகும். உங்கள் வண்டிக்கான கையேட்டில் வரிசை இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் இருக்கும் பின் இடதிலிருந்து தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது. பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இன்ஜின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ ஒரு சொட்டுகூட அந்த டப்பாவில் விடாதீர்கள், ரப்பர் எல்லாம் உப்பிப் போகும்.

கேட்டவர்

நேற்று மெக்கானிக் வந்து முடித்துக் கொடுத்தார். டிரம்மைக் கழற்றியதும் கீழ்ப்பாதியில் கறுப்புச் சேறாக இருந்தது. சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியதும் உள்ளிருந்து ஆயில் வழிந்தது. ஏர் எடுக்கும்போது நான்தான் மிதித்தேன். தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டிருந்த குழாய் வழியாக முதலில் கடுங்காப்பி நிறத்தில் வந்தது, நடுநடுவே குமிழிகள். நாலாவது சக்கரம் முடியும்போது தெளிந்த மஞ்சளாக வந்தது. இப்போது பெடல் மேலேயே கெட்டியாக நிற்கிறது, அரை நிமிடம் மிதித்தும் அசையவில்லை. தெருவில் ஆளில்லாத நேரத்தில் மெதுவாக ஓட்டி நாலைந்து முறை நிறுத்திப் பார்த்தோம். எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

பதில்: தேவகோட்டை மெக்கானிக்

நல்லது ஆச்சி. புது ஷூ பதிய நூறு, இருநூறு கிலோமீட்டர் ஆகும், அதுவரை முன்வண்டிக்குத் தூரம் விட்டு ஓட்டுங்கள். ஹேண்ட் பிரேக் எத்தனை கிளிக்கில் பிடிக்கிறது என்று பார்த்தீர்களா? புறப்படும் முன் இன்னும் இரண்டு இரவு அட்டை போட்டு வையுங்கள்.

கேட்டவர்

ஹேண்ட் பிரேக் ஆறாவது கிளிக்கில் பிடிக்கிறது. இரண்டு இரவும் போட்டுப் பார்த்தேன் அண்ணே. நான்கு அட்டையும் காய்ந்தே இருக்கின்றன.