மறு: ‘ஆட்டோமேட்டிக் வீடியோ ஸ்விட்ச்’ – மாற்றி, ஆளி, தேர்வி… ‘மடைதிருப்பி’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கேம் கன்சோல்கள் பற்றிய கையேட்டைத் தமிழாக்கும் வேலையில் ‘ஆட்டோமேட்டிக் வீடியோ ஸ்விட்ச்’ வரும் இடமெல்லாம் இன்னும் காலியாகவே இருக்கிறது. பல கன்சோல்களை ஒரே டிவியில் இணைத்து, ஓடும் ஒன்றை மட்டும் தானாக டிவிக்கு விடும் பெட்டி அது. இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் என் கருத்தைச் சொல்லிவிட்டு நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன். மடல் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

> தானியங்கிக் காணொளி மாற்றி. எளிமையானது, பார்த்தவுடன் புரியும்.

பார்த்தவுடன் வேறொரு கருவியாகப் புரிந்துவிடும் என்பதுதான் எனக்குள்ள சிக்கல். எழுத்துரு மாற்றி நம் எல்லோருக்கும் பழக்கமானது. டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் உள்ளதைக் கொடுத்தால் ஒருங்குறியில் (யூனிகோடு) தரும். மின்மாற்றிக்குள் 230 வோல்ட் போனால் 12 வோல்ட் வெளியே வரும். உள்ளே போனது வேறாகி வெளியே வர வேண்டும். ‘மாற்றி’ தமிழில் இந்தப் பொருளில் ஊன்றிவிட்டது. பழைய கன்சோல்காரர்களுக்கு அப்படிப்பட்ட கருவியும் தேவைப்படுகிறது. ஸ்கார்ட்டில் (ஐரோப்பிய டிவிகளில் இருந்த பழைய செருகி வகை) வருவதை எச்டிஎம்ஐ ஆக்குவது, ஆர்ஜிபியை காம்போனென்ட் ஆக்குவது (இரண்டும் படத்தைப் பல கம்பிகளில் பிரித்து அனுப்பும் முறைகள்) எல்லாம் அந்த வகை. ‘மாற்றி’ என்ற சொல்லை அவற்றுக்குத்தான் வைத்திருக்க வேண்டும்.

நாம் பேசும் கருவி சிக்னலைத் தொடவே கூடாது. நான்கு கன்சோல்கள் செருகியிருந்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை மட்டும் டிவிக்கு விட்டு, மற்ற மூன்றையும் அடைத்து வைக்க வேண்டும். உள்ளே போனது அப்படியே வெளியே வந்தால் நல்ல கருவி. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால், கையேட்டை நம்பிக் கடைக்குப் போகிறவர் தேவையில்லாத பெட்டிக்குக் காசு கொடுத்துவிட்டு வருவார்.

‘காணொளி’யும் இங்கே பொருந்தவில்லை. வழக்கில் அது நாம் பார்க்கும் பதிவைக் குறிக்கிறது. கம்பியில் ஓடும் சிக்னலுக்கு யாரும் காணொளி என்று சொல்வதில்லை. அதோடு ஸ்கார்ட் கேபிளில் படத்தோடு இடது, வலது ஒலியும் சேர்ந்தே போகிறது, இந்தக் கருவி அதையும் சேர்த்தே திருப்புகிறது. பெயரில் ‘வீடியோ’ இருக்கிறது என்பதற்காக அதற்கும் ஒரு சொல்லைத் தேடிச் சுமக்க வேண்டாம்.

> இரண்டு கம்பிகளை ஒன்றாகச் சேர்க்கும் ஒரு ஒய் கேபிள் போட்டால் போதுமே, இதற்கு ஏன் தனிக்கருவி, தனிச்சொல்?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் சொல்லும் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

அனலாக் வீடியோ சிக்னலின் உச்ச அளவு சுமார் 1 வோல்ட். கன்சோலின் வெளியீட்டிலும் டிவியின் நுழைவிலும் மின்தடை 75 ஓம் என்று வைத்துத்தான் அந்தக் கணக்கு. இரண்டு கன்சோல்களை ஒய் கேபிளில் சேர்த்து ஒன்றை மட்டும் ஓட்டினால், அணைந்து கிடக்கும் மற்றதும் கிட்டத்தட்ட இன்னொரு 75 ஓம் சுமையாகத் தொங்கும். 1 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். மூன்று கன்சோல் என்றால் பாதி. படம் மங்கும், சில டிவிகளில் நிலைகொள்ளாமல் உருளும். அதனால் இந்தக் கருவியின் வேலையில் பாதி, மற்றவற்றைச் சரியாகத் துண்டித்து வைப்பது. ‘தேர்ந்தெடுப்பது’ என்று மட்டும் சொன்னால் இந்தப் பாதி விட்டுப்போகிறது.

அப்புறம் ‘ஆட்டோமேட்டிக்’. 1977இல் வந்த அடாரி 2600 உடன் ஒரு சின்னப் பெட்டி வரும். ஆன்டெனா கம்பியும் கன்சோல் கம்பியும் அதில் சேரும். டிவி பார்க்க ஒரு பக்கம், ஆட்டத்துக்கு மறுபக்கம் என்று கையால் தள்ள வேண்டும். 1985இல் அமெரிக்காவில் நின்டெண்டோவின் என்இஎஸ் கன்சோல் வந்தபோது அதன் ஆர்எஃப் பெட்டியில் (டிவியின் ஆன்டெனா நுழைவு வழியாகப் படத்தை அனுப்புவது) தள்ளுவதற்கு எதுவும் இல்லை. கன்சோலைப் போட்டால் படம் போகும் அதே கம்பி வழியாக ஒரு நேர்மின்னழுத்தமும் போய்ச் சேரும், பெட்டி அதைப் பார்த்து ஆன்டெனாவை விலக்கிவிட்டு ஆட்டத்தை உள்ளே விடும். அணைத்தால் பழையபடி டிவி நிகழ்ச்சி. கையே படவில்லை. நம் கையேடு பேசும் தானியங்கு வேலை இந்தப் பெட்டியிலேயே இருந்தது.

நம் ஊரில் 1990களில் விற்ற ஃபேமிகாம் (என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவம்) நகல்களிலும் ஆர்எஃப் வழி இருந்தது. கேபிள் டிவி வயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கேம் வயரைச் செருகியவர்கள் இந்தக் குழுமத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். கார்ட்ரிட்ஜை எல்லோரும் ‘கேசட்’ என்றுதான் சொன்னோம், கையேட்டிலும் அதையே வைக்கலாம் என்பது என் கருத்து. அதைத் தனி இழையில் பேசுவோம்.

ஐரோப்பாவில் கதை வேறு. பாரிஸிலிருந்து எழுதும் நண்பர் ‘பெரிடெல்’ என்று குறிப்பிட்டது ஸ்கார்ட்டைத்தான். 21 முனைகள் கொண்ட அந்தச் செருகியைப் பிரெஞ்சுத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களின் அமைப்பு வகுத்தது. 1980களின் தொடக்கத்திலிருந்து பல ஆண்டுகள் அந்நாட்டில் விற்ற புதிய டிவிகளில் அது கட்டாயமாக இருந்தது. அதில் 8ஆம் முனை தானாகத் திருப்புவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 0 முதல் 2 வோல்ட் என்றால் கருவி அணைந்திருக்கிறது, சுமார் 5 முதல் 7 வோல்ட் என்றால் அகலத்திரைப் படம், 9.5 முதல் 12 வோல்ட் என்றால் சாதாரண 4:3 படம். டிவியும் ஸ்கார்ட் பெட்டிகளும் இதைப் பார்த்தே முடிவெடுத்தன.

ஆனால் எல்லாக் கன்சோலிலும் 12 வோல்ட் வெளியே கிடைக்காது. மலிவான கேபிள்களில் 8ஆம் முனை வெறுமையாக இருக்கும், அல்லது கன்சோலின் 5 வோல்ட்டை அப்படியே அதில் கட்டியிருப்பார்கள். முதல் வகையில் பெட்டி அந்தக் கன்சோலைக் கண்டுகொள்ளவே செய்யாது. இரண்டாவதில் டிவி அகலத்திரை என்று எண்ணிக்கொண்டு படத்தை இழுத்துவிடும்.

அதனால்தான் ஆர்வலர்கள் வடிவமைத்த கருவிகளில் வேறு வழி எடுத்தார்கள். அந்த வட்டத்தில் பேர் வாங்கிய ‘ஜிஸ்கார்ட்’ வகையில் 8 நுழைவுகள், 2 வெளியீடுகள். அது 8ஆம் முனையை நம்பாமல் ஒத்திசைவுத் துடிப்பைத் தேடுகிறது. படத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு துடிப்பு, நொடிக்கு சுமார் 15,700 முறை வரும். அமெரிக்க, ஜப்பானிய டிவி முறையான என்டிஎஸ்சியில் 15,734, ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இருந்த ‘பால்’ (PAL) முறையில் 15,625. படம் வருகிறது என்றால் இந்தத் துடிப்பு வந்தே ஆக வேண்டும், ஏனென்றால் அது இல்லாமல் எந்த டிவியாலும் படத்தை நிறுத்திக் காட்ட முடியாது. கேபிள் செய்தவர் எதை விட்டாலும் இதை விட முடியாது. எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். ‘நான் ஓடுகிறேன்’ என்று தனியே அறிவிக்கும் கம்பியை நம்பாமல், ஓடுவதையே நேராகப் பார்க்கிறது.

கையேட்டில் ஓர் எச்சரிக்கையும் இந்த இடத்தில் வர வேண்டும். ஜப்பானிய 21 முனைச் செருகி பார்க்க ஸ்கார்ட்டைப் போலவே இருக்கும், முனைகளின் பொருள் வேறு. ஐரோப்பியக் கேபிளில் ஒத்திசைவு வரும் 20ஆம் முனையில் ஜப்பானியக் கேபிளில் நீல நிறம் வரும். மாற்றிச் செருகினால் பெட்டி துடிப்பைத் தேடி ஏமாறும். அதைவிட மோசமாக, கருவிகளே பழுதாகலாம்.

எச்டிஎம்ஐ பற்றி ஒரு வரி போதும். அதில் 18ஆம் முனையில் 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்துத் திருப்பும் பெட்டிகள் உண்டு. உறக்க நிலையிலும் அந்த 5 வோல்ட்டை விடாமல் பிடித்திருக்கும் கருவிகளிடம் அவை குழம்பும்.

> இலங்கையில் ‘ஆளி’ பல காலமாகப் பாடநூலில் உள்ளது. தன்னியக்க ஆளி எனலாமே.

‘ஆளி’ அருமையான சொல். தமிழ்நாட்டில் சுவிட்ச், சாவி, நிலைமாற்றி என்று நாங்கள் தடுமாறிக்கொண்டிருக்க, அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கே அது பழகியிருக்கிறது. இங்கும் வர வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் ஆளி என்றதும் மனதில் வருவது போட்டு அணைக்கும் ஒன்று: சுற்றைத் திறக்கும், மூடும். நம் பெட்டியிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. தானாக இயங்குவது வேண்டாம், நானே நுழைவைச் சொல்கிறேன் என்பவர்களுக்காகப் பல கருவிகளில் ஒரு பொத்தானோ தள்ளுவிசையோ வைத்திருப்பார்கள். அதை ‘ஆளி’ என்று கையேடு முழுவதும் எழுதலாம். பெட்டிக்கும் அதே பெயர் வைத்தால் ‘ஆளியில் உள்ள ஆளியை அழுத்தவும்’ என்று எழுத நேரும்.

> தேர்வி. மூன்றெழுத்து, சுருக்கம்.

மூன்று பரிந்துரைகளில் எனக்கு இதுதான் நெருக்கம். ஒய் கேபிள் பற்றிச் சொன்னபோது குறிப்பிட்ட குறை இதற்கு உண்டு, மற்றவற்றை அடைத்து வைப்பதைச் சொல்லவில்லை. இன்னொன்று, ‘தேர்வி’ என்பதை மென்பொருளில் பட்டியலிலிருந்து ஒன்றைப் பொறுக்கும் பகுதிக்கு வைத்துக்கொண்டால் அங்கே நன்றாக உட்காரும். அதை இந்தப் பெட்டிக்குச் செலவழிக்க மனம் வரவில்லை.

சரி, என் பரிந்துரை: மடைதிருப்பி. முழுப்பெயர் வேண்டிய இடத்தில் ‘தானியங்கு மடைதிருப்பி’.

மடை திருப்புவது என்றால் என்ன என்று வயல் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி மண்வெட்டியால் ஒரு மடையைத் திறந்து மற்றதை அடைப்பார். தண்ணீர் அதே தண்ணீர், வழி மட்டும் வேறு. ஒன்றைத் திறப்பது, மற்றதை அடைப்பது, பாய்வதை மாற்றாமல் விடுவது என்று நமக்கு வேண்டிய மூன்றும் இந்த ஒரு வினையிலேயே இருக்கின்றன. மின்சாரத்துக்கு நாம் ஏற்கெனவே தண்ணீரின் சொற்களைத்தான் பெரும்பாலும் வைத்திருக்கிறோம்: மின்னோட்டம், மின்கசிவு. இரண்டு கன்சோல்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது, மட்டமான பெட்டியில் மற்றதன் படம் நிழலாகத் தெரியும். அதற்குத் தனிச்சொல் தேடவே வேண்டாம், ‘கசிவு’ என்றால் போதும்.

எதிர்ப்பு வரும் இடங்களையும் நானே சொல்லிவிடுகிறேன். வாய்க்காலில் ஒன்று பலவாகப் பிரியும், இங்கே பல ஒன்றில் வந்து சேர்கின்றன, திசை தலைகீழ் ஆயிற்றே என்று கேட்கலாம். கிணற்றுத் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் ஒரே வாய்க்காலுக்கு வரும் இடத்தில் ஒன்றை அடைத்து மற்றதை விடுவதும் மடை திருப்புவதுதான். ஒன்றைப் பலவாக்கும் கருவி தனியாக இருக்கிறது. ஒரே கன்சோலின் படத்தை ஒரே சமயத்தில் இரண்டு டிவிகளுக்கும் அனுப்பும் ஸ்ப்ளிட்டர் அது. அதை ‘பிரிப்பி’ என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. தென்மாவட்டங்களில் கோயில் படையலுக்கும் ‘மடை’ என்பார்கள். ‘திருப்பி’ சேர்ந்த பிறகு அந்தப் பொருள் வர வழியில்லை. ‘மடையன்’ நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். ‘மடைமாற்றம்’ செய்தித்தாள்களில் அன்றாடம் வருகிறது, அதைப் படித்து யாரும் சிரிப்பதில்லை. கிராமத்துச் சொல் கருவிக்கு ஒட்டுமா என்பவர்களுக்கு, இலங்கைப் பாடநூல்களில் ‘லாஜிக் கேட்’டுக்கு உள்ள ‘தர்க்கப் படலை’யைக் காட்டுவேன். வீட்டு வாசல் படலை மின்னணுவியலுக்குள் நுழைந்து பல ஆண்டுகள் ஆகின்றன, மாணவர்கள் அதைக் கொண்டு தேர்வும் எழுதுகிறார்கள்.

‘மடைமாற்றி’ என்றே வைக்காமல் ‘திருப்பி’யை எடுத்ததற்குக் காரணம் முதலில் சொன்னதுதான். பேச்சில் நீளமான சொல்லின் முன்பகுதி தேய்ந்து மறுபடியும் ‘மாற்றி’ மட்டும் மிஞ்சிவிடும்.

கையேட்டு வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன்:

‘மெகா டிரைவ் கன்சோலை மடைதிருப்பியின் 3ஆம் நுழைவில் செருகவும். கன்சோலை இயக்கியதும் அந்த நுழைவின் விளக்கு எரியும். எரியாவிட்டால் கேபிளில் ஒத்திசைவுக் கம்பி இணைந்திருக்கிறதா என்று பார்க்கவும். நுழைவை நீங்களே சொல்ல விரும்பினால் பக்கவாட்டில் உள்ள ஆளியைக் கைமுறைக்குத் தள்ளவும். ஸ்கார்ட் நுழைவு இல்லாத டிவி என்றால், மடைதிருப்பியின் வெளியீட்டுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு மாற்றி தேவைப்படும்.’

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். மடைதிருப்பி, மாற்றி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தும் எது எதற்கு என்பதில் ஐயம் வரவில்லை. ‘காணொளி மாற்றியின் வெளியீட்டில் ஒரு மாற்றி’ என்று எழுதிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் முடியவில்லை. இரண்டு கன்சோல்கள் ஒன்றாக ஓடினால் எதை விடுவது என்பதற்குக் கருவிகளில் இரண்டு வழக்கங்கள் உண்டு. கடைசியாக இயக்கியதை விடுவது ஒன்று, நுழைவு எண் சிறியதை விடுவது மற்றொன்று. இரண்டாவதற்கு ‘எண்வரிசை முன்னுரிமை’ என்று எழுதியிருக்கிறேன், பரவாயில்லை. முதலாவதற்கு ‘பிந்தியது முந்தும்’ என்று வைத்தேன். வாக்கியமாக நன்றாக இருக்கிறது, அட்டவணைத் தலைப்பில் நிற்க மறுக்கிறது. பெயர்ச்சொல்லாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள். ‘ஆளி’யைப் பரிந்துரைத்த யாழ்ப்பாண நண்பர் அதைப் பொத்தானுக்கு மட்டும் வைப்பதில் உடன்படுகிறாரா என்றும் தெரிய வேண்டும். அவர் பதிலைப் பார்த்துவிட்டு வரைவைக் குழுமக் கோப்பில் ஏற்றுகிறேன்.

அன்புடன்.