புதுப்பிப்பு: மாடி கட்டும் அட்டவணை ஏன் 3 வாரம் பிந்தியது?

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: மாடி வீட்டுக்கு 4 மாத அட்டவணை போட்டேன், பாதியிலேயே 3 வாரம் பிந்திவிட்டது என்று. "எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னார். போட்டேன். தப்பு என்னுடையதுதான், மேஸ்திரியைத் திட்டியது வீண்.

தளம் போட்ட 4ஆம் நாளே உள்பூச்சு என்று எழுதியிருந்தேன். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் என்றாலும் தாங்கிகளுக்கு நடுவே 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளியுள்ள தளத்தை அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளை 14 நாள் தொடக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிநூல். முட்டுக்காட்டுக்குள் யார் பூசுவது? அந்த 10 நாள் என் கணக்கிலேயே இல்லை. மீதி, தீபாவளிக்கு ஊருக்குப் போன கொத்தனார்கள். அதையும் நான் எழுதவில்லை, நாட்காட்டி கண்முன்னே தொங்கியும்!

இப்போது தளம், முட்டு பிரிப்பு, பூச்சு, தண்ணீர் விடுதல், டைல்ஸ், பெயின்ட் என்ற ஒரே சங்கிலியைத்தான் தினமும் பார்க்கிறேன். அதில் ஒரு நாள் போனால் முடிவும் ஒரு நாள் போகும். சுற்றுச்சுவர் அந்தச் சங்கிலியில் இல்லை, 2 வாரம் தள்ளினாலும் கேடில்லை; அந்த ஆட்களைப் பூச்சுக்கு மாற்றிவிட்டேன். ஜன்னல் சட்டத்துக்கு ஆசாரியிடம் முன்பணமும் கொடுத்தாயிற்று.

மார்கழியில் பால் காய்ச்ச முடியாது. தையில் நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.