பீஜ் கலர் சீட்ல சாம்பார்: ரெக்சின் கவர் போட்டு மூடலாமா?

தண்டையார்பேட்டைக்காரன்:
வணக்கம் மக்களே. போன மாசம்தான் செகண்ட் ஹேண்டுல கார் எடுத்தேன். உள்ள பூரா பீஜ் கலர் துணி சீட். "ரெண்டு வாலு பசங்கள வெச்சிக்கிட்டு இந்தக் கலரா?"ன்னு வீட்ல அப்பவே கேட்டாங்க, நான் காதுல வாங்கல. ஞாயித்துக்கிழமை திருவொற்றியூர் கோயில்லேர்ந்து திரும்பறப்ப இட்லி பார்சல் வாங்கினோம். டோல்கேட் தாண்டறதுக்குள்ள சின்னவன் சாம்பார் கவரைப் பல்லால கடிச்சிட்டான். பின் சீட்ல ஒரு முழத்துக்கு மஞ்சள். வீட்டுக்கு வந்து துணி சோப்பு போட்டுத் தேய்ச்சேன். போகலைங்கறது கூடப் பரவால்ல, மஞ்சள் செவப்பாயிடுச்சு! என் தம்பி "ரெக்சின் போட்டு மூடிட்டு வேலையப் பாரு"ங்கறான். போடவா?

எம்.சி. ரோடு மாமா:
போடு தம்பி, இதுல யோசிக்க என்ன இருக்கு? 9 வருஷம் முன்னாடி ஜி.பி. ரோட்ல போட்ட கவர்தான் இன்னும் என் வண்டில ஓடுது. பேத்தி எடுத்த வாந்தி, பேரன் கொட்டின ரோஸ்மில்க், காசிமேட்லேர்ந்து வஞ்சிரம் வாங்கிட்டு வந்தப்ப வழிஞ்ச ஐஸ் தண்ணி, எல்லாத்துக்கும் ஈரத்துணியால ஒரே இழுப்புதான். துணி சீட்டு வெச்சிக்கிட்டு வாராவாரம் தேய்ச்சிட்டு உக்காந்திருக்க யாருக்குப்பா நேரம் இருக்கு?

ராயபுரம் அம்மா:
மாமா, கோவிச்சுக்காதீங்க. நானும் ரெக்சின் போட்டவதான். மே மாச வெயில்ல வண்டியை வெளிய நிறுத்திட்டு வந்து ஏறினா, கவுன் போட்ட என் பொண்ணு தொடை சுட்டு அலறுவா. அது கூட துண்டு விரிச்சு சமாளிச்சேன். பால் கொட்டினப்பதான் வினை வந்துது. மேல தொடச்சா சுத்தமா ஆயிடுச்சு. ஆனா ரெக்சின்ல தண்ணி இறங்காட்டியும் தையல் ஓட்டை வழியா இறங்குமே! ரெண்டு மாசம் கழிச்சு வண்டிக்குள்ள உக்காரவே முடியல. கவரைக் கழட்டினா ஸ்பான்ஜ் மேல கறுப்பு கறுப்பா பூஞ்சை. நம்ம பக்கம் கடல் காத்துக்கு மாடில போட்ட துணியே பிசுபிசுன்னு இருக்கு, மூடி வெச்ச ஸ்பான்ஜ் எங்க காயும்?

தம்பிக்கு: அந்தச் செவப்பைப் பார்த்து பயப்பட வேணாம். ஆரத்தி கரைக்கறப்ப மஞ்சள்ல சுண்ணாம்பு சேர்த்தா செவக்குதே, அதே கதைதான். சோப்புல காரம் இருக்கு. முதல்ல பச்சைத்தண்ணில நனைச்ச துணியால ஒத்தி ஒத்தி சோப்பை எடுங்க. அப்புறம் வெள்ளை வினிகரைத் தண்ணில கலந்து லேசா ஒத்துங்க, திரும்ப மஞ்சளாயிடும். மஞ்சளுக்கு எமன் வெயில்தான். நிறைய வண்டில பின் சீட் அடிப்பாகம் வெறும் கிளிப்லதான் நிக்கும். கழட்டி மொட்டை மாடில வத்தல் காய வைக்கற மாதிரி வெச்சிடுங்க. தேய்க்க மட்டும் செய்யாதீங்க, தேய்க்கத் தேய்க்க உள்ளதான் போகும்.

எம்.சி. ரோடு மாமா:
சீட்டைத் தலைல தூக்கிட்டு மூணு மாடி ஏறணுமா? நல்ல யோசனைம்மா.

கொருக்குப்பேட்டை ஸ்பேனர்:
சீட் கழட்டி மாட்டறதுதான் நம்ம பொழப்பு, அதனால ஒண்ணு சொல்றேன். திரும்ப மாட்டறப்ப சீட் பெல்ட் பக்கிள் அடியில சிக்கிக்காம மேல வந்திருக்கான்னு பாருங்க, பாதிப் பேர் அங்கதான் கோட்டை விடறாங்க. கவர் போடறதா இருந்தா, முன் சீட்டு முதுகு ஓரத்துல ஏர்பேக்னு சின்ன டேக் தைச்சிருக்கான்னு பாருங்க. இருந்தா அது சீட்டுக்குள்ளேர்ந்து கிழிச்சிக்கிட்டு வெளிய வரணும். இறுக்கமான கவர் அதை மறிச்சிடும்.

எம்.சி. ரோடு மாமா:
பசங்க உக்கார்றது பின்னாடி. முன் சீட்டுக்கு யாரு கவர் கேட்டா?

கொருக்குப்பேட்டை ஸ்பேனர்:
அது சரிதான் மாமா. ஆனா கடைக்காரன் செட்டாதான விப்பான்! ஆமா தம்பி, சின்னவன் எதுல உக்காந்து அந்த சாம்பார் கவரைக் கடிச்சான்?

தண்டையார்பேட்டைக்காரன்:
பாட்டி மடியில.

கொருக்குப்பேட்டை ஸ்பேனர்:
நெனச்சேன். 14 வயசுக்குக் கீழ பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம கூட்டிட்டுப் போனா 1,000 ரூபா ஃபைன், 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துலயே வந்துடுச்சு. ஃபைனை விடுங்க, சடன் பிரேக் போட்டா பாட்டியால புடிக்க முடியுமா? குழந்தை சீட்டு வாங்கிப் போடுங்க. சிந்தறதுல பாதி அதுலயே நிக்கும், அந்தத் துணியைக் கழட்டித் துவைச்சிக்கலாம். சீட்டுக் கறை ஆகக்கூடாதுன்னு அதுக்கு அடியில தலகாணி, கனமான துண்டுன்னு திணிக்காதீங்க, பிடிப்பு லூசாயிடும்.

வியாசர்பாடி ரிட்டயர்டு:
இவ்வளவு பேச்சு எதுக்கு? வண்டில சாப்பிடக் கூடாதுன்னு ஒரே சட்டம் போடுங்க. எங்க வீட்ல தண்ணி பாட்டில் தவிர எதுவும் உள்ள ஏறாது.

ராயபுரம் அம்மா:
ஐயா, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு, மூணு வயசுப் புள்ளகிட்ட இந்தச் சட்டத்தைப் படிச்சுக் காட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து கேக்கறேன்.

வியாசர்பாடி ரிட்டயர்டு:
அவல் பொரி குடுங்களேன். சாம்பார்தான் குடுக்கணுமா?

ராயபுரம் அம்மா:
அது நியாயம். இன்னொண்ணு, பால், வாந்தி, முட்டைக்கு சுடுதண்ணி ஊத்திடாதீங்க. முட்டை வெந்து கெட்டியாகற மாதிரி துணியிலயே புடிச்சிக்கும். பச்சைத்தண்ணிதான்.

தண்டையார்பேட்டைக்காரன்:
பத்து நாள் கழிச்சு வர்றேன். வினிகர் வெச்சதும் நிஜமாவே செவப்பு மஞ்சளாச்சு, பொண்டாட்டி என்னை விஞ்ஞானி மாதிரி பார்த்தாங்க. நாலு நாள் மாடில காய வெச்சதுல மஞ்சள் முக்கால்வாசி போச்சு. தாளிச்ச எண்ணெய்தான் வட்டமா நிக்குது, முகப் பவுடர் தூவி வெச்சிருக்கேன். குழந்தை சீட்டு வாங்கியாச்சு, பாட்டிக்குத்தான் கோவம். ரெக்சின் போடல. பெரியவன் உக்கார்ற பக்கம் பழைய பருத்திப் போர்வையை மடிச்சுப் போட்டிருக்கேன், வாராவாரம் மெஷின்ல போட்டுடலாம்.

எம்.சி. ரோடு மாமா:
புதுக் காருக்குப் பழைய போர்வை. பேஷ்.

ராயபுரம் அம்மா:
மாமா, உங்க ரெக்சினுக்கு அடியில 9 வருஷமா என்ன இருக்குன்னு என்னைக்காவது பார்த்தீங்களா?

எம்.சி. ரோடு மாமா:
உங்க வாய்க்காகவே இன்னிக்குப் பின் சீட்டுக் கவரைக் கழட்டினேன். பூஞ்சை கீஞ்சை எதுவும் இல்ல, சீட்டு ஷோரூம்ல வந்த மாதிரி இருக்கு. தையல் ஓரத்துல மட்டும் ரெண்டு விரல் அகலத்துக்கு ரோஸ் கலர். வாசனை பத்தி மட்டும் என்னைக் கேக்காதீங்க.