வாடகை குறைந்த நகரத்துக்குக் குடும்பத்தோடு மாறலாமா?

படிக்கட்டு:
புனைபெயர்களில் எழுதும் நம் விவாதத்துக்கு ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். மூத்த பிள்ளை எட்டாம் வகுப்பு, இளையது இரண்டாம் வகுப்பு. வரி போகக் கைக்கு வரும் மாத வருமானம் 100 பங்கு என்று கொள்வோம், மற்ற எண்களும் அதே பங்குக் கணக்கில்தான். அதில் வாடகை 40, சாப்பாடும் மளிகையும் 16, பள்ளி 10, போக்குவரத்து 9, கடன் தவணையும் காப்பீடும் 11, மற்றவை 9. மிச்சம் 5. வாடகை ஏறக்குறையப் பாதியாக உள்ள சிறிய நகரம் ஒன்று கண்ணில் படுகிறது. போகலாமா, கூடாதா? எந்த ஊர் என்பது முக்கியமில்லை, முடிவெடுக்கும் முறைதான் கேள்வி.

துலாக்கோல்:
போகலாம் என்பது என் கட்சி. மாதம் 5 மிச்சம் பிடிக்கும் குடும்பம், ஒரே ஒரு மாதச் செலவைக் கையிருப்பாகச் சேர்க்கவே 19 மாதம் ஆகும். ஒரு வேலையிழப்பு வந்தால் அடுத்த மாதமே கடன் வாங்க வேண்டியிருக்கும். இந்த நிலையில் அங்கேயே இருப்பதை யாரும் ‘பாதுகாப்பு’ என்று சொல்லக்கூடாது.

ஆனால் வாடகை பாதியென்றால் எல்லாமே பாதி என்று கணக்குப் போடாதீர்கள். நிலமும் உள்ளூர் உழைப்பும் கலந்த செலவுகள் இறங்கும்: வாடகை, முடிவெட்டு, டியூஷன், பழுதுபார்ப்பு. லாரியில் வந்து இறங்குகிற எதுவும் அவ்வளவாக இறங்காது: மருந்து, எரிபொருள், கைபேசி, குளிர்சாதனப் பெட்டி. நாடுகளுக்கு இடையில் இது ஏன் நடக்கிறது என்று 1964இல் பொருளாதார அறிஞர்கள் பேலா பலாஸாவும் பால் சாமுவேல்சனும் தனித்தனியே விளக்கினார்கள். இரண்டு நகரங்களுக்கும் அந்தத் தர்க்கம் செல்லும். கடன் தவணையோ ஊர் பார்த்துக் குறைவதே இல்லை.

ஆகவே புதிய ஊரின் பட்டியல் இப்படி வரும்: வாடகை 22, சாப்பாடு 15, பள்ளி 9, கடனும் காப்பீடும் அதே 11, மற்றவை 9. போக்குவரத்தை 14 ஆக ஏற்றியிருக்கிறேன், ஏனென்றால் பேருந்து குறைந்த ஊரில் இரண்டாவது வண்டி தேவைப்படும். பழைய ஊருக்குப் போய்வர 3. மொத்தம் 83. முன்பு 95. மாதம் 12 மிச்சமாகிறது. வருமானம் 12 சதவீதத்துக்கு மேல் இறங்காதவரை மாறுவது லாபம்.

வேரும் விழுதும்:
இரண்டாவது வண்டியைச் சேர்த்ததற்கு நன்றி, பலர் அதைத்தான் மறப்பார்கள். ஆனால் மாறுவதற்கே ஆகும் செலவை விட்டுவிட்டீர்கள். சாமான் ஏற்றி இறக்கும் செலவு, இரண்டு வீட்டுக்கும் ஒரு மாதம் சேர்ந்து வாடகை, தரகு, இரண்டு பிள்ளைகளுக்கும் புதுச் சேர்க்கைக் கட்டணம், ஜன்னல் அளவு மாறுவதால் திரைச்சீலை, இடம் பொருந்தாத அலமாரி, வேலைக்கும் வேலைக்கும் நடுவே சம்பளமில்லாத நாட்கள். எல்லாம் சேர்த்து ஒன்றரை மாத வருமானம், அதாவது 150 என்று வைப்போம்.

வருமானம் குறையாவிட்டால் 12.5 மாதத்தில் போட்டதை எடுக்கலாம். வருமானம் 5 குறைந்தால் மாத லாபம் 7, எடுக்க 21 மாதத்துக்கு மேல். 10 குறைந்தால் மாத லாபம் வெறும் 2. எடுக்க 75 மாதம், ஆறே கால் வருடம்! எட்டாம் வகுப்புப் பிள்ளை அதற்குள் பள்ளியையே முடித்திருக்கும். வருமானத்தில் சின்ன வித்தியாசம் வந்தாலும் முடிவு தலைகீழாகப் போகிறது. வாடகைப் பட்டியலை மணிக்கணக்காக ஒப்பிடுகிறவர்கள் சம்பளத்தை இருபது சதவீதப் பிழையோடு ஊகிப்பதுதான் எனக்குக் கவலை.

துலாக்கோல்:
ஒப்புக்கொள்கிறேன். ஒரு சேர்க்கை: முன்பணத்தை அந்த 150இல் யாரும் கூட்டிவிட வேண்டாம். திரும்பி வரும் பணம் செலவல்ல. ஆனால் பழைய முன்பணம் வருமுன் புதியதைக் கட்ட வேண்டும் என்பதால், கையில் ரொக்கமாக அந்தத் தொகை தனியாக இருக்க வேண்டும். கணக்கு லாபம் காட்டியும் முதல் மாதமே கடன் அட்டையில் விழுகிறவர்கள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள்.

இரு சம்பளம்:
வருமானம் 100, 100ன்னு ஒரே எண்ணா பேசுறீங்க. அது இரண்டு பேரோட சம்பளம். 65 ஒருத்தருக்கு, 35 இன்னொருத்தருக்குன்னு பிரிச்சுப் பாருங்க. 65காரர் வேலை கிடைச்சு முன்னாடி போறாங்க, 35காரர் பின்னாடி போய் வேலை தேடணும். ஆறு மாசம் வேலை இல்லேன்னா 210 போச்சு. அந்த 150ஓட சேர்த்தா 360. மாசம் 12 மிச்சம்னா, போட்டதை எடுக்க 30 மாசம். அதுவும் பழைய சம்பளமே திரும்பக் கிடைச்சாத்தான்.

1978லயே ஜேகப் மின்சர்ங்கிற பொருளாதார அறிஞர் இதை ஆராய்ஞ்சிருக்கார்: குடும்பத்துக்கு மொத்தமா லாபம், ஆனா ஜோடியில ஒருத்தருக்கு மட்டும் நட்டம். பெரும்பாலும் மனைவியோட வேலைதான் அடிபடுது. செவிலியர், ஆசிரியர், வக்கீல் மாதிரி பதிவு தேவைப்படுற தொழில்னா, மாநில எல்லையோ நாட்டு எல்லையோ தாண்டினா மறுபதிவு வேண்டி வரலாம். அதுக்கு எத்தனை மாசம் ஆகும்னு கேட்காம தேதி குறிக்காதீங்க.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு பேர் தொழிலுக்கும் தனித்தனியா நாலு வாரம் வேலை விளம்பரங்களைக் குறிச்சு வைங்க. விளம்பரங்களை எண்ணாதீங்க, எத்தனை வெவ்வேறு நிறுவனம்னு எண்ணுங்க. ஒரே நிறுவனம் பத்து இடம் போட்டிருந்தா, அது மூடினா பத்தும் ஒண்ணாப் போயிடும்.

துலாக்கோல்:
வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லையே? பெருநகரச் சம்பளம், சிற்றூர் வாடகை. இதைவிட நல்ல சேர்க்கை கிடையாது.

வேரும் விழுதும்:
இருக்கிறது, இன்னும் ஆழமாக. மேலாளர் வாய்மொழியாகச் சொன்ன ‘எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம்’ என்பது அவர் மாறும்வரைதான் செல்லும். மனிதவளத் துறையிடமிருந்து நான்கு விஷயம் எழுத்தில் வேண்டும்: பணியிடமாகப் புது ஊர் பதிவாகிறதா, ஊரைப் பொறுத்துச் சம்பளம் திருத்தப்படுமா, அலுவலகத்துக்கு மாதம் எத்தனை நாள் வர வேண்டும், அந்தப் பயணச் செலவு யாருடையது. மாதம் நான்கு நாள் வரச் சொன்னால் பயணமும் தங்கலும் சேர்ந்து உங்கள் 12ஐ விழுங்கிவிடும்.

அந்த வேலை போனால் என்ன? பெருநகரத்தில் தெரு தாண்டினால் இன்னொரு நிறுவனம். ஒரே தொழில் செய்கிறவர்கள் ஓரிடத்தில் கூடுவதால் வேலை தேடுகிறவருக்கும் ஆள் தேடுகிறவருக்கும் கிடைக்கும் பலனைப் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே எடுத்துச் சொன்னார். நீங்கள் கொடுக்கும் 40 வாடகையில் ஒரு பகுதி அதற்கான விலை. 1982இல் இன்னொரு பொருளாதார அறிஞர் ஜெனிஃபர் ரோபாக் செய்த ஆய்வின் சாரமும் இதுவே: ஓர் ஊரின் வசதிக்கும் குறைக்கும் வாடகையும் கூலியும் சேர்ந்து விலை வைக்கின்றன. வாடகை பாதி என்றால் ‘ஏன் பாதி?’ என்பதற்கு விடை கிடைக்கும்வரை தேட வேண்டும். தண்ணீரா, வேலையா, வெயிலா, மருத்துவமனையா?

நாடித்துடிப்பு:
மருத்துவமனை என்ற சொல் இவ்வளவு தாமதமாக வருவது எனக்கு வருத்தம். வீட்டில் முதியவர் இருந்தால் முதல் கேள்வியே இதுதான். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும், அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மாரடைப்பில் அடைபட்ட குழாயைப் பலூனால் திறப்பதற்கு, மருத்துவமனை வாசலை மிதித்ததிலிருந்து 90 நிமிடம் என்பது பொதுவான இலக்கு. ‘பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது’ என்பது போதாது. நள்ளிரவில் ஸ்கேன் எடுப்பார்களா, இதயக் குழாய் சிகிச்சைக்கு ஞாயிறன்றும் ஆள் உண்டா என்று நேரில் கேளுங்கள். பார்க்கப்போகும் வீட்டிலிருந்து அங்கே எத்தனை நிமிடம் என்று வண்டியோட்டிப் பாருங்கள்.

தொடர் சிகிச்சையில் இருப்பவர் என்றால் மூன்று மாத மருந்து கையிருப்பு, முழு மருத்துவக் குறிப்பின் நகல், புது மருத்துவரிடம் முதல் சந்திப்புத் தேதி, இவை மூன்றும் லாரி கிளம்புமுன் இருக்க வேண்டும். காப்பீட்டின் மருத்துவமனைப் பட்டியலில் புது ஊர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

துலாக்கோல்:
இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் மாறுவதை எல்லோரும் தண்டனைபோலப் பேசுகிறார்கள். அமெரிக்க அரசு 1994இல் ஐந்து நகரங்களில் ஒரு திட்டம் தொடங்கியது. வறுமை மிகுந்த பகுதியின் அரசு வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் வாடகை உதவிச் சீட்டு கொடுத்து வேறு பகுதிக்கு மாற வைத்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் ராஜ் செட்டி, நேத்தனியல் ஹென்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் மூவரும் 2016இல் வெளியிட்ட முடிவு: 13 வயதுக்கு முன் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில், சீட்டு கிடைக்காத குடும்பங்களின் பிள்ளைகளைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள்.

கரும்பலகை:
அந்த ஆய்வை முழுவதும் சொல்லுங்கள், நண்பரே. பதின்ம வயதில் மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை, சற்றே பாதகமாகக்கூட இருந்தது. மேலும் அவர்கள் மாறியது வறுமை குறைந்த பகுதிக்கு, வாடகை குறைந்த ஊருக்கு அல்ல. இங்கே நாம் பேசுவது கிட்டத்தட்ட எதிர்த்திசை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு உங்கள் சான்று ஓரளவு ஆறுதல் தரும். எட்டாம் வகுப்புக்கு எச்சரிக்கைதான்.

வகுப்பறையில் நடப்பது இது: ஒரு பாடத்திட்டம் பின்னத்தை முடித்து இயற்கணிதத்துக்குப் போயிருக்கும், இன்னொன்று முதலில் வடிவியலை எடுத்திருக்கும். மாறி வந்த பிள்ளை ஒன்றை இரண்டு முறை படிக்கும், மற்றொன்றைப் படிக்காமலே போய்விடும். அந்த ஓட்டை அடுத்த வருடம்தான் மதிப்பெண்ணில் தெரியும், அப்போது யாரும் ஊர் மாறியதை நினைப்பதில்லை. ஆகவே இரண்டு பள்ளிகளின் பாடப் பொருளடக்கத்தையும் கணக்கு, அறிவியல், மொழிகளுக்கு மட்டுமாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடுபடும் பாடங்களைக் குறித்து, நீண்ட விடுமுறையில் சொல்லிக்கொடுங்கள். இரண்டாம் மொழி கட்டாயமா, எந்த மொழி என்று தனியாகக் கேளுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கும் பள்ளியிறுதித் தேர்வுக்கும் முந்தைய இரண்டிரண்டு ஆண்டுகளில் மாறவே வேண்டாம். இந்தக் குடும்பத்துக்குக் கதவு இன்னும் ஓராண்டுதான் திறந்திருக்கிறது. அதற்குள் முடியாவிட்டால், மூத்தது பள்ளி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும்.

துலாக்கோல்:
நியாயம். ‘13 வயதுக்கு முன்’ என்பதை மூத்த பிள்ளைக்கும் சேர்த்து நான் நீட்டியிருக்கக் கூடாது.

அப்படியானால் அவசரப்பட வேண்டும் என்பதற்கு அந்த ஓராண்டுக் கெடுவே காரணமாகிறது. புது ஊரில் நேரே வீடு வாங்கி உட்கார்ந்துவிட்டால் வாடகை ஏற்றமும் இல்லை.

வேரும் விழுதும்:
இதைத்தான் கூடாது என்கிறேன்! பதிவுச் செலவு, தரகு, கடன் கட்டணம் எல்லாம் சேர்த்து வாங்கவும் விற்கவும் வீட்டு விலையில் 8 சதவீதம் போகிறது என்று வையுங்கள். ஆண்டு வாடகை விலையில் 4 சதவீதம் என்றால், ஊர் ஒத்துவராமல் விற்கும்போது இரண்டு வருட வாடகையைத் தூக்கிக் கொடுத்ததாகிறது. சிறிய ஊரில் வாங்க ஆள் கிடைக்கவும் நாளாகும். முதல் பன்னிரண்டு மாதம் வாடகை வீடுதான்.

திரும்பி வரும் வழியையும் கணக்கில் வையுங்கள். பழைய ஊரில் வாடகை ஆண்டுக்கு 7 சதவீதம் ஏறி, உங்கள் சம்பளம் 4 சதவீதம்தான் ஏறினால், மூன்று ஆண்டில் 40 என்பது 49 ஆகும். 90க்கு இறங்கிய வருமானம் 101 ஆகும். திரும்பி வந்தால் பாதிச் சம்பளம் வாடகைக்கு. வேலையும் பழைய தொடர்புகளும் போயிருக்கும். நான் மாறுவதை எதிர்ப்பதற்கு இதுதான் முதல் காரணம்: போகும் கதவும் வரும் கதவும் ஒரே அகலமில்லை.

துலாக்கோல்:
கதவு குறுகுகிறது என்பது உண்மை. ஆனால் அங்கேயே இருந்தால் அந்த 49ஐ இவர்கள்தான் கட்டப்போகிறார்கள்! வருமானம் 112 ஆகியிருக்கும், அதிலும் 44 சதவீதம் வாடகைக்கே. மற்றச் செலவும் ஏறுமல்லவா? 5 மிச்சம் மூன்று ஆண்டில் இல்லாமல் போகலாம். திரும்ப முடியாது என்ற பயத்தில், நிற்க முடியாத இடத்தில் நிற்கச் சொல்கிறீர்கள்.

வேரும் விழுதும்:
அதே ஊரின் ஓரத்தில், ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் 32க்கு வீடு தேடினார்களா? கிடைத்தால் உங்கள் 12இல் 8 அங்கேயே வந்துவிடும், ஒருவர் வேலையும் போகாது. எந்த ஒப்பீட்டிலும் இந்த மூன்றாவது நிரல் இருப்பதில்லை.

இரு சம்பளம்:
32 சரி, ஆனா இரண்டு பேருக்கும் தினம் போக வர கூடுதலா எத்தனை மணி நேரம்? பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிட்டு வர்றது? அதையும் எழுதுங்க. அப்படியும் நான் முதல்ல அதைத்தான் பார்ப்பேன்.

படிக்கட்டு:
ஓரத்து வீடும் ஒத்துவரவில்லை, போவதென்றே முடிவு செய்கிறார்கள் என்றால் எந்த வரிசையில் செய்வது?

துலாக்கோல்:
முதலில் அங்கே இரண்டு மூன்று வாரம் தற்காலிகமாகத் தங்க வேண்டும், அதுவும் அந்த ஊரின் மோசமான பருவத்தில், வேலை நாட்களில். காலை நெரிசலில் பள்ளிக்கும் வேலையிடத்துக்கும் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து இணையத்தின் பதிவேற்ற வேகத்தைக் காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் அளக்க வேண்டும், பதிவிறக்க வேகம் மட்டும் பார்த்தால் காணொளிக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள். அடுத்து வேலை எழுத்தில், பிறகு பள்ளி இடம் எழுத்தில், அதன் பிறகே வீடு. வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளி தேடினால், கிடைத்த பள்ளி ஊரின் மறுகோடியில் இருக்கும்.

வேரும் விழுதும்:
வரிசை சரி. பழைய வீட்டுக்குக் காலி செய்யும் அறிவிப்பு கொடுப்பது பள்ளி இடம் எழுத்தில் வந்த பிறகுதான் என்பதையும் சேருங்கள். புது வீட்டு ஒப்பந்தத்தில், ஆறு மாதம் முடிந்ததும் ஒரு மாத அறிவிப்பில் வெளியேறலாம் என்ற வரியைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். வீட்டுக்காரர் மறுத்தால் அதற்காக வாடகையில் 1 கூட்டிக் கொடுத்தாலும் தகும்.

துலாக்கோல்:
அந்த 1க்கு நான் சம்மதம். 84 என்று மாற்றிக்கொள்கிறேன்.