60 டிகிரி வைத்தாலும் பச்சைத் தண்ணீரிலேயே துவைக்கிறது: போர்டுதான் காரணமா?

போர்வைக்காரி:
ஃபிரண்ட் லோட் வாஷிங் மெஷின், வாரண்டி முடிந்துவிட்டது. பையனுக்குத் தூசி அலர்ஜி. அதனால் போர்வை, தலையணை உறையெல்லாம் 60 டிகிரியில்தான் போடுவேன். முன்பு பாதி ஓட்டத்தில் கதவுக் கண்ணாடியைத் தொட்டால் கை சுடும், இப்போது ஜில்லென்று இருக்கிறது. தண்ணீர் பிடிப்பது, சுற்றுவது, பிழிவது எல்லாம் சரியாக நடக்கிறது. நேரம் மட்டும் ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு, அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல் ஓடி முடிகிறது. எரர் எதுவும் காட்டவில்லை.

பார்க்க வந்தவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "போர்டு போச்சு, மாத்தணும்" என்று மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டைக் குறை சொல்லிவிட்டுப் போய்விட்டார். நம்பலாமா? வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறது, ஓம் (மின்தடை) பார்க்கத் தெரியும்.

குழாயடி:
பின்பக்கம் இரண்டு குழாய் இருக்கிறதா பாருங்கள். வெந்நீர்க் குழாயும் பச்சைத் தண்ணீர்க் குழாயும் இடம் மாறியிருந்தாலும் இப்படி ஆகும், வெந்நீர் வால்வின் வாயில் இருக்கும் சின்ன வலை அடைத்துக்கொண்டாலும் ஆகும். என் டாப் லோடில் வலையைக் கழற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்ததும் சரியாகிவிட்டது.

போர்வைக்காரி:
ஒரே குழாய்தான் சார்.

டெஸ்டர் அண்ணன்:
அப்படியென்றால் உள்ளே இருக்கும் ஹீட்டர்தான் சூடாக்குகிறது. எனக்கு இதுதான் பிழைப்பு, அதனால் சொல்கிறேன்: மூடியைக் கழற்றாமல் போர்டு என்று சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். போர்டு கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது.

முதலில் எதையும் கழற்ற வேண்டாம். ஃபிரிட்ஜ், மோட்டார், ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெஷினை மட்டும் 60-ல் ஓடவிடுங்கள். வீட்டு மின் மீட்டரில் மினுக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள். டிரம் மட்டும் சுற்றும்போது நிதானமாக மினுக்கும். ஹீட்டர் பிடித்த நொடியில் படபடவென்று அடிக்கும், ஏனென்றால் பெரும்பாலான ஹீட்டர்கள் 1800 முதல் 2000 வாட் வரை இழுக்கும். வேகம் மாறவே இல்லையென்றால் ஹீட்டருக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது ஹீட்டரே அறுந்திருக்கிறது.

விளக்கு படபடத்தும் தண்ணீர் சூடாகவில்லையா? அது வேறு வியாதி. கழிவுநீர்க் குழாய் தரையோடு கிடந்தால் பிடித்த தண்ணீர் தானாகவே வடிந்துகொண்டிருக்கும், மெஷினும் விடாமல் புதுத் தண்ணீர் பிடிக்கும். எந்த ஹீட்டராலும் அதைச் சூடாக்க முடியாது. குழாயை 60 சென்டிமீட்டருக்கு மேலே தூக்கிக் கட்டினாலே போதும்.

அடுத்தது மல்டிமீட்டர் வேலை. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. டிரம்முக்குக் கீழே, சில மாடலில் முன்னால், சிலவற்றில் பின்னால், இரண்டு தடித்த வயர் வந்து சேரும் இடம் ஹீட்டர். வயரைக் கழற்றி இரண்டு முனைக்கும் நடுவே ஓம் பாருங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் கணக்குக்கு 26 ஓம் வரும். 25-லிருந்து 30-க்குள் இருந்தால் நல்லது. ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துபோனது. அப்புறம் ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள், அங்கே ஒன்றுமே காட்டக் கூடாது. காட்டினால் ஹீட்டரிலிருந்து கரண்ட் கசிகிறது, மாற்றியே ஆகவேண்டும்.

அதே இடத்தில் இரண்டு மெல்லிய வயரோடு செருகியிருப்பது தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார். சாதாரண சூட்டில் பல மாடல்களில் 10 கிலோ ஓமை ஒட்டி வரும், சிலவற்றில் 5. எண்ணைவிட அதன் நடத்தைதான் முக்கியம். டம்ளர் வெந்நீரில் நுனியை முக்கினால் ஓம் தடங்கலில்லாமல் இறங்க வேண்டும், 60 டிகிரியில் சுமார் நாலில் ஒரு பங்காகிவிடும். நடுவில் குதித்தால் சென்சார் போச்சு.

குழாயடி:
ஹீட்டரில் உப்புப் படிந்திருந்தாலும் சூடாகாதே?

டெஸ்டர் அண்ணன்:
எல்லாரும் சொல்வதுதான், ஆனால் அப்படி இல்லை. இழுக்கிற 2000 வாட்டும் எப்படியும் தண்ணீருக்குத்தானே போயாக வேண்டும்? உப்புப் படிந்தால் உள்ளே இருக்கும் கம்பி அளவுக்கு மேல் காய்ந்து சீக்கிரம் அறுந்துபோகும். அறுகிற வரைக்கும் தண்ணீர் சூடாகும். சிட்ரிக் அமிலம் போட்டுத் துணி இல்லாமல் அவ்வப்போது ஓட்டுவது ஹீட்டரின் ஆயுளுக்காகத்தான்.

போர்வைக்காரி:
பார்த்துவிட்டேன் அண்ணா. விளக்கு வேகம் மாறவே இல்லை. ஆனால் ஹீட்டர் 27 ஓம் காட்டுகிறது, எர்த்துக்கு ஒன்றுமில்லை. சென்சாரும் வெந்நீரில் ஒழுங்காக இறங்குகிறது. வயரைக் கழற்றும்போது ஒரு பக்கம் கையோடு வந்துவிட்டது. வெள்ளை பிளாஸ்டிக் உறை பழுப்பேறி, விரல் பட்டதும் பொடிந்து உதிர்கிறது. உள்ளே இருக்கும் திம்பிள் (வயர் நுனியில் உள்ள உலோக மாட்டி) கறுத்துப்போய் வாய் விரிந்திருக்கிறது.

டெஸ்டர் அண்ணன்:
அவ்வளவுதான், ஆள் சிக்கிவிட்டார்! திம்பிள் லூஸாகி, எட்டு ஒன்பது ஆம்பியர் ஓடும் இடத்தில் தீய்ந்துபோயிருக்கிறது. ஹீட்டருக்குக் கரண்ட் போனதா இல்லையா என்று எல்லா மெஷினும் சொல்லாது. சிலது காத்துப் பார்த்துவிட்டு அப்படியே மேலே ஓடிவிடும். நேரம் ஒரே இடத்தில் நின்றது அதனால்தான்.

செம்பு பளிச்சென்று தெரியும் வரை வயரை வெட்டுங்கள். சூடு தாங்கும் புதுத் திம்பிள் போட்டு, அதற்கான கிரிம்பிங் பிளையரால் நன்றாக அழுத்துங்கள். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம். ஹீட்டர் முனையையும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். குழி விழுந்திருந்தால் ஹீட்டரை மாற்றுவதே நல்லது, இல்லாவிட்டால் புதுத் திம்பிளும் தீயும்.

போர்வைக்காரி:
முனை நன்றாகத்தான் இருந்தது. தம்பி புதுத் திம்பிள் போட்டுக் கொடுத்தான். இப்போது மீட்டர் விளக்கு படபடக்கிறது, கண்ணாடியும் சுடுகிறது. ரொம்ப நன்றி அண்ணா. போர்டு மாற்றச் சொன்னவருக்கு போன் செய்யலாமா என்று யோசிக்கிறேன்!

கம்பளிக்கோட்டு:
எனக்கு இதற்கு நேர் எதிர். 30 டிகிரி வைத்தால் ஆவி பறக்கிறது, ஸ்வெட்டர் சுருங்கிப் பொம்மைச் சட்டையாகிவிட்டது.

டெஸ்டர் அண்ணன்:
சென்சாரை மேலே சொன்னபடி பாருங்கள். அது நன்றாக இருந்தால் போர்டில் ஹீட்டருக்குக் கரண்டை விடும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். உங்கள் கேஸில் போர்டைச் சந்தேகப்படலாம். அதுவரைக்கும் பிளக்கைப் பிடுங்கியே வையுங்கள், ஓட்டிப் பார்க்காதீர்கள்.