வன்னிக்குள்ளே கரவனில் நாலு இரவு: எங்கே நிறுத்துவது, தண்ணீருக்கும் கறண்டுக்கும் என்ன வழி?

வெள்ளவத்தை வாசி எழுதியது:

வணக்கம். பெப்ரவரி கடைசிக் கிழமை குடும்பமாக வன்னிப் பக்கம் வர இருக்கிறோம். நானும் மனைவியும், 9, 12 வயதில் இரண்டு பிள்ளைகளும். ஹையேஸ் வானில் கட்டிய கரவன் ஒன்றை வாடகைக்கு எடுக்கிறோம். நீளம் 5.4 மீற்றர், உயரம் 2.9 மீற்றர். 100 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, 100 ஆம்பியர்-மணி ஈய பற்றரி, கூரையில் 150 வாற்று சோலார், 17 லீற்றர் கசெற் (கழற்றி ஊற்றும் கழிவுத் தாங்கி) மலசலகூடம், 2.3 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்று. ஏசி 230 வோல்ற்றில் மட்டும் ஓடும். சாரதி இல்லை, நானேதான் ஓட்டுகிறேன்.

ஏ9 வழியாக மாங்குளம் வந்து, முதல் இரண்டு இரவு முத்தையன்கட்டுக் குளக்கட்டிலும் அடுத்த இரண்டு இரவு வவுனிக்குளத்தடியிலும் நிற்கலாம் என்று யோசனை. பிள்ளைகளுக்கு வயலும் அறுவடையும் காட்ட வேண்டும், இடம் அமைதியாக இருக்க வேண்டும். இந்தச் சாமான்கள் நாலு நாளைக்குப் போதுமா? எங்கே நிறுத்துவது நல்லது?

முத்தையன்கட்டுக்காரன் எழுதியது:

குளக்கட்டு எண்ட எண்ணத்தை முதல் விடுங்கோ தம்பி. அது மண்ணால போட்ட அணை. மேல போற பாதையில உங்கட வண்டியைத் திருப்ப இடமில்லை, ஓரம் இளகினா நேர சரிவுதான். இரவில யானை தண்ணிக்கு இறங்கிற வழியும் அதுதான், கரையில முதலை கிடக்கும். கட்டும் குள ஒதுக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின்ர பொறுப்பு, கேக்காமல் தங்கேலாது. காட்டோரமும் இதே கதைதான். வனத் திணைக்களத்தின்ர எல்லைக்கல்லுக்கு உள்ள நிண்டா குற்றம்.

வன்னியில கரவன் நிப்பாட்ட ஏற்ற இடம் சனம் இருக்கிற வளவு ஒண்டுதான். கிணறு இருக்கும், கறண்ட் இருக்கும், நாய் குலைச்சா என்னத்துக்குக் குலைக்குதெண்டு சொல்ல ஆள் இருக்கும். வர முதல் கிராம சேவையாளரையோ அந்த ஊர்க் கமக்காரர் அமைப்பு ஆக்களையோ தொலைபேசியில பிடிச்சு, எத்தினை பேர், எத்தினை இரவு, வண்டி நம்பர் எண்டு சொல்லி ஒரு வீட்டை ஒழுங்குபண்ணுங்கோ. காசு வேண்டாம் எண்டுதான் வீட்டுக்காரர் சொல்லுவினம். கறண்டுக்கும் தண்ணிக்கும் எண்டு கையில குடுத்திட்டு வாங்கோ.

வீட்டுக்காரரிட்ட "கரவன் உள்ளுக்கு வருமோ" எண்டு கேட்டா, பாவம், வரும் எண்டுதான் சொல்லுவினம். "நெல்லு லொறி முத்தத்துக்கு வந்து திரும்பிப் போறதோ" எண்டு கேளுங்கோ. மூட்டை ஏத்தின லொறியின்ர உயரமும் பாரமும் உங்கட வண்டியை விடக் கூட. அது வந்து போற ஒழுங்கையில படலை அகலம், மதகின்ர பலம், குறுக்க தொங்கிற கறண்ட் வயர், மாங்கொப்பு எல்லாம் ஏற்கெனவே சோதிச்ச மாதிரித்தான். உழவு மெசின் மட்டும்தான் வரும் எண்டா, தார் றோட்டுக்குக் கிட்ட வேற வீடு பாருங்கோ. உங்கட உயரத்தை ஏணி, கூரைப்பெட்டி எல்லாத்தோடையும் அளந்து ஸ்ரேறிங்குக்கு முன்னால எழுதி ஒட்டுங்கோ. வண்டியை வாடகைக்கு விடுற ஆள் சொல்ற 2.9 வெறும் கூரை மட்டுமாயும் இருக்கலாம்.

நிலம்: பெப்ரவரியில மழை பெரும்பாலும் விட்டிருக்கும், ஆனா வயலோரமும் வாய்க்கால் கரையும் உள்ளுக்கு ஈரம். இறங்கி நடந்து, குதிக்காலை ஊண்டி அமத்திப் பாருங்கோ. ஒரு அங்குலம் புதைஞ்சா சில்லும் புதையும். மேட்டுக்காணிச் செம்மண், கிறவல் எண்டா பயமில்லை. மன்னார்ப் பக்கம் பயணத்தை மாத்தினா முருங்கன் களியை மறக்காதேங்கோ. காயேக்க கல்லு மாதிரி வெடிச்சுக் கிடக்கும், ஒரு மழை விழுந்தா சில்லில அப்பி மட்காட்டையே அடைச்சுப் போடும்.

அருவி வெட்டு அந்த நேரம் நடக்கும். கால போகத்து நெல்லு தை, மாசியிலதான் வெட்டுறது. பனி காயாமல் மெசின் இறக்க மாட்டினம், காலமை ஒன்பது பத்து மணிக்குப் பிறகுதான் தொடங்கும். பிள்ளையளை அப்ப கூட்டிக்கொண்டு போங்கோ. காத்து எந்தப் பக்கத்தால வருதோ அந்தப் பக்கமா நிக்கவேணும், இல்லாட்டிச் சுணை பட்டு இரவு முழுக்கச் சொறிவினம். நீளக் கை, நீளக் காற்சட்டை. வரம்பில நடக்கலாம், உடைக்கக் கூடாது. மெசினுக்குக் கிட்டப் போகாமல் ஓட்டிற ஆளின்ர கண்ணில படுற இடத்தில நில்லுங்கோ. அமைதி எண்டு எழுதியிருக்கிறியள். வெட்டுக் காலத்தில லைற் போட்டுக்கொண்டு இரவிலயும் மெசின் ஓடும், காவல் கொட்டிலில இருந்து யானைக்கு வெடி கொளுத்துவினம். அதைப் பிள்ளையளுக்கு முதலே சொல்லி வையுங்கோ. முழு அமைதிதான் வேணுமெண்டா பங்குனி நடுப்பகுதிக்குத் தள்ளுங்கோ. ஆனா வெறும் தாளடிதான் காணலாம்.

றோட்டில ஒரு பக்கம் நெல்லுக் காயப் போட்டிருப்பினம். அதுக்கு மேல ஏத்தாதேங்கோ. எதிரில வண்டி வந்தா நிண்டு வழி விட்டுப் போங்கோ, அது ஒரு குடும்பத்தின்ர ஒரு போகத்து உழைப்பு.

கறண்ட் வேலை எழுதியது:

மின்சாரக் கணக்கை மட்டும் சொல்கிறேன். 12 வோல்ற் குளிர்சாதனப்பெட்டி இந்த வெக்கையில் ஒரு நாளைக்குச் சுமார் 40 ஆம்பியர்-மணி இழுக்கும். ஒரு மின்விசிறி இரவு பத்து மணித்தியாலம் ஓடினால் 18. விளக்கு 4, கைபேசிகள் 6, தண்ணீர்ப் பம்ப் 2. மொத்தம் 70. ஈய பற்றரியில் பாதிதான் எடுக்கலாம், அதாவது 50. அதற்குக் கீழே இறக்கினால் பற்றரியின் ஆயுள் போகும், குளிர்பெட்டியும் மின்னழுத்தம் குறைந்து தானாக நின்றுவிடும். விடியப்புறம் பால் திரைந்திருப்பதைப் பார்த்துத்தான் பலருக்கு அது தெரியவருகிறது.

150 வாற்று சோலார் முழு வெயிலில் ஒரு நாளைக்கு 40 ஆம்பியர்-மணி அளவு தரும். ஆனால் நீங்கள் மாமர நிழலில்தான் நிறுத்துவீர்கள், நிறுத்தவும் வேண்டும். கூரைத் தகட்டில் ஒரு மூலைக்கு நிழல் விழுந்தாலே விளைச்சல் பாதிக்கு மேல் விழும். ஆகவே இரண்டாவது இரவு தாண்டாது. ஒரு மணித்தியாலம் வண்டி ஓடினால் 20 முதல் 30 ஏறும், அதுவும் என்ஜினுக்கும் பற்றரிக்கும் நடுவில் சரியான சார்ஜர் பூட்டியிருந்தால் மட்டும். வண்டியை வாடகைக்கு விடுபவரிடம் அதைக் கேளுங்கள். லித்தியம் பற்றரி உள்ள வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள்.

வீட்டு இணைப்பில் தினமும் நாலைந்து மணித்தியாலம் சார்ஜ் செய்தால் பிரச்சினை தீரும், செலவு ஒரு யூனிற்றை ஒட்டித்தான். ஏசி வேறு கதை. ஓர் இரவுக்கு ஐந்தாறு யூனிற் போகும். வீட்டு மின்கட்டணம் யூனிற் கூடக் கூட மேல் படிக்கு ஏறுவது, ஆகவே உங்கள் நாலு இரவு அந்த வீட்டின் முழு மாதப் பில்லையும் தூக்கிவிடக்கூடும். மீற்றரை வரும்போதும் போகும்போதும் வாசித்து, அதற்கு மேலாகவே கொடுங்கள்.

கேபிள் 2.5 சதுர மில்லிமீற்றர், மூன்று வயர், 25 மீற்றர். சுருளை முழுவதும் விரித்துப் போடுங்கள். சுற்றியபடி ஏசி ஓட்டினால் உள்ளே சூடேறி உறை உருகும். பழைய வீடுகளில் 5 ஆம்பியர், 15 ஆம்பியர் உருண்டை ஓட்டைப் பிளக்தான் இருக்கும், புதியவற்றில் 13 ஆம்பியர் சதுரக் கால். இரண்டுக்கும் மாற்றி கொண்டுவாருங்கள். ஏசியை 5 ஆம்பியர் பிளக்கில் கொழுவவே கூடாது. பூட்டுமுன் எர்த் இருக்கிறதா, றிப் சுவிச் விழுகிறதா என்று பாருங்கள். லைனின் கடைசி வீடுகளில் மாலை ஆறரைக்குப் பிறகு மின்னழுத்தம் இறங்கும். மல்ரிமீற்றரில் 200 வோல்ற்றுக்குக் கீழே கண்டால் ஏசி போடவேண்டாம், கொம்பிரசர் கிளம்பாமல் முக்கி எரிந்துபோகும். பெப்ரவரி இரவுக்கு விசிறியும் நுளம்புவலை அடித்த யன்னலும் போதும் என்பதே என் கருத்து.

நெடுங்கேணி அக்கா எழுதியது:

தம்பி, தண்ணியை ரெண்டாப் பிரிச்சு யோசியுங்கோ. குடிக்க, சமைக்க ஆளுக்கு 4 லீற்றர், நாலு பேருக்கு நாளைக்கு 16. இதைத் தாங்கியில ஊத்தாமல் தனிக் கானில வையுங்கோ. வவுனியா வடக்குப் பக்கம் சிறுநீரக நோய் இருக்கிற இடம், கிணத்துத் தண்ணியும் கடினம். கொதிக்க வைச்சாக் கிருமி சாகும், தண்ணியில கரைஞ்சிருக்கிறது போகாது. ஊருக்கு ஊர் ஆர்.ஓ. தண்ணி (கரைஞ்சதையும் நீக்கி வடிச்ச தண்ணி) எடுக்கிற இடம் இருக்கு, கானோட போய் நிரப்புங்கோ.

மற்றத் தண்ணி பாத்திரம் கழுவ, முகம் கழுவ, மலசலகூடத்துக்கு எண்டு நாளைக்கு 30 லீற்றர் வரும். குளிப்பு கிணத்தடியில எண்டா 100 லீற்றர் மூண்டு நாளைக்கு நிக்கும். வண்டிக்குள்ள குளிச்சா ஒரு நாள்தான். கிணத்துத் தண்ணியைத் துணியால வடிச்சு ஊத்துங்கோ, மண் போனா பம்பின்ர சல்லடை அடைக்கும். 100 லீற்றருக்கு வாசனை சேராத 5 வீதக் குளோரின் திரவம் 4 மில்லிலீற்றர் விட்டு அரை மணித்தியாலம் பொறுக்கவேணும். சவர்க்காரத் தண்ணியை வாய்க்காலுக்கோ கிணத்துப் பக்கமோ விடாமல் வாழைக்கு விடுங்கோ.

17 லீற்றர் கசெற் நாலு பேருக்கு ரெண்டு நாள்தான். ஊத்திற இடம் பற்றி வீட்டுக்காரரிட்ட முதல் நாளே வெளிப்படையாக் கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ. வீட்டு மலசலகூடத்தில ஊத்துறதெண்டா கசெற்றுக்கு நீல மருந்து போடக் கூடாது. அதில உள்ள போமல்டிகைட் குழியில இருக்கிற நுண்ணுயிரைச் சாக்காட்டும், பிறகு குழி நாறும், நிரம்பும். உயிரியல் வகை மருந்து வாங்குங்கோ. மாரி விட்ட கையோட நிலத்தடித் தண்ணி மேல நிக்கும், குழி மெதுவாத்தான் உறிஞ்சும். அதால பாதி பாதியா ஊத்தி ரெண்டு வாளி தண்ணி அடியுங்கோ. பகலில வீட்டு மலசலகூடத்தையே பாவிக்கக் கேட்டா கசெற் நாலு நாளும் தாங்கும். காட்டுக்குள்ள ஊத்தவே கூடாது, குளத்தண்ணியிலதான் பிறகு பிள்ளையள் குளிக்கிறது.

காலில புண் இருக்கிற பிள்ளையை வயல் சேத்தில இறக்காதேங்கோ, எலிக்காய்ச்சல் வரும். திரும்பிப் போய் ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள காய்ச்சல் வந்தா வயலுக்குள்ள இறங்கினதை வைத்தியருக்குச் சொல்லுங்கோ.

வெள்ளவத்தை வாசி எழுதியது:

மிக்க நன்றி அண்ணை, அக்கா, கறண்ட் வேலை. குளக்கட்டை விட்டுவிட்டோம். இன்னும் மூன்று கேள்வி. யானைக்கு என்ன முன்னேற்பாடு? மிதிவெடி பற்றி இப்பவும் யோசிக்க வேண்டுமா? காஸ் 2.3 கிலோ போதுமா?

முத்தையன்கட்டுக்காரன் எழுதியது:

காஸ் போதும். ஒரு அடுப்பு மணித்தியாலத்துக்கு 150 முதல் 200 கிராம் எரிக்கும். நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் எண்டா ஆறு நாள் வரும். ஆனா வண்டியை எடுக்கிற அண்டைக்குச் சிலிண்டர் பெட்டியின்ர அடியில இருக்கிற காத்துத் துவாரத்தைப் பாருங்கோ. ஓடாமல் நிண்ட வண்டி எண்டா குளவி மண்கூடு கட்டி அடைச்சிருக்கும். காஸ் காத்தை விடப் பாரம், கசிஞ்சா கீழதான் தேங்கும், அந்தத் துவாரம்தான் வெளியேறிற வழி. மூட்டுகளுக்குச் சவர்க்கார நுரை போட்டுச் சோதியுங்கோ.

யானை நெல்லு வாசத்துக்கும் பழ வாசத்துக்கும் வரும். நெல்லு மூட்டை அடுக்கின கொட்டிலுக்குப் பக்கத்தில நிப்பாட்டாதேங்கோ. பழக் கோது, சோத்துக் கழிவு இரவில வெளியில வைக்க வேண்டாம். வந்திட்டுதெண்டா உள்ளுக்கே இருங்கோ, லைற்றை முகத்துக்கு அடிக்காதேங்கோ, வீட்டுக்காரர் என்ன செய்யவேணுமெண்டு தெரிஞ்சவை. பின்னேரம் அஞ்சு மணிக்கு முதல் நிப்பாட்டுற இடத்துக்கு வந்திடவேணும். மாங்குளம் - முல்லைத்தீவு றோட்டில பொழுதுபட்டா மாடு படுத்திருக்கும், ஒட்டுசுட்டான் பக்கம் யானை குறுக்கறுக்கும். றோட்டில யானை நிண்டா நூறு மீற்றர் தள்ளி நிண்டு, ஹோண் அடிக்காமல், தேவையெண்டா மெதுவாப் பின்னுக்கு எடுங்கோ.

மிதிவெடி அகற்றி முடியாத துண்டுகள் இன்னும் இருக்கு. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு அடிச்ச தடி கண்டா அதுக்கு அங்கால காலே வைக்கக் கூடாது. பலகை இல்லாட்டியும் ஆள் நடமாட்டம் உள்ள பாதையை விட்டுப் பத்தைக்குள்ள இறங்காதேங்கோ, இரும்பு எது கிடந்தாலும் பிள்ளையள் தொடக் கூடாது. வயலோரம் பன்றிக்குக் கட்டுற கட்டுத்துவக்கும் (கம்பி தட்டுப்பட்டா தானா வெடிக்கிற துவக்கு) கறண்ட் கம்பியும் இப்ப அதை விடப் பெரிய ஆபத்து. சட்டவிரோதம்தான், ஆனாக் கட்டுகினம். விடியாமல் வரம்பால நடக்க வெளிக்கிடாதேங்கோ, வீட்டு ஆள் ஒராள் முன்னால போகட்டும்.

பாம்புக்கு ரோச் லைற்றும் மூடின சப்பாத்தும். கொட்டில் குளிர்மையா இருக்கெண்டு பிள்ளையள் வெளியில பாய் போட்டுப் படுக்கக் கேப்பினம், விடாதேங்கோ. கட்டு விரியன் நிலத்தில படுக்கிற ஆளைத்தான் நித்திரையில கடிக்கும், கடிச்ச இடத்தில வீக்கமோ நோவோ பெரிசாத் தெரியாது. கடிச்சா வெட்டிறது, இறுக்கிக் கட்டிறது ஒண்டும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் 1990க்கு அடிச்சு அம்புலன்சில போங்கோ. மாவட்டப் பொது வைத்தியசாலை முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மூண்டிலயும் இருக்கு.

வவுனிக்குளத்துக்கு மாங்குளத்தில இருந்து மல்லாவி றோட்டால போங்கோ. டீசலை மாங்குளத்தில நிரப்பிக்கொண்டு திரும்புங்கோ. பாலிநகர்ப் பக்கம் வளவு தேடுறதெண்டா எந்தத் திகதி எண்டு எழுதுங்கோ, அந்தப் பக்கத்துக் கமக்காரர் அமைப்பில கேட்டுச் சொல்லுறன்.