புதுப்பிப்பு: இரவு முழுக்க ஓடும் செல் படப்பிடிப்பில் ஃபோகஸ் நழுவல்

தண்டையார்பேட்டை ஆய்வகத்தில் உயிருள்ள செல்களை மைக்ராஸ்கோப்பில் இரவெல்லாம் படம் எடுத்தால் நள்ளிரவுக்குள் மங்கிவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் கன்டெய்னர் லாரிகளைக் கை காட்டினீர்கள். லாரி இல்லை, அதிர்வு என்றால் படம் நடுங்கும், இப்படி மெல்ல நழுவாது.

குற்றவாளி ஏசிதான். அறை வெப்பநிலையையும் ஃபோகஸ் நிலையையும் ஒரே வரைபடத்தில் போட்டேன். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கின. ஒரு டிகிரி ஏறினால் மைக்ராஸ்கோப்பில் உள்ள அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும். 10 சென்டிமீட்டர் துண்டுக்கே 2 மைக்ரானுக்கு மேல். எங்கள் 60 மடங்கு எண்ணெய் லென்ஸின் குவிய ஆழமோ, அதாவது படம் தெளிவாக விழும் தடிமனோ, ஒரு மைக்ரான்கூட இல்லை. அப்புறம் எங்கே நிற்கும்?

இப்போது மைக்ராஸ்கோப்பைச் சுற்றி 37 டிகிரியில் வைக்கும் சூட்டுக் கூண்டைக் காலையிலேயே ஓடவிடுகிறேன், இரவுக்குள் எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். ஏசிக் காற்று நேராகப் படாமல் தடுப்பும் வைத்தாயிற்று. மீதி நழுவலை அகச்சிவப்பு ஆட்டோஃபோகஸ் பார்த்துக்கொள்கிறது. செல் இருக்கும் டிஷ்ஷின் அடிக்கண்ணாடியும் செல் வளரும் திரவ ஊடகமும் சந்திக்கும் இடத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துத் தூரத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாகப் பிரியும் செல் உருண்டு மேலெழும்பினால் மட்டும் அதற்குத் தெரியாது. அதற்காக வெவ்வேறு உயரங்களில் கூடுதலாகச் சில அடுக்குப் படங்கள் எடுக்கிறேன்.

படங்களை எடுத்துப் பார்த்தே ஃபோகஸைத் தேடும் மென்பொருள் ஆட்டோஃபோகஸ் போதும் என்ற அண்ணனுக்கு: ஒவ்வொரு முறையும் தேடித் தேடி ஒளி பாய்ச்சினால் விடிவதற்குள் செல் வாடிவிடும்.